முதலில் கம்பி, அப்புறம் முதலை

பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். வாழ்த்துகள். எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு காகிதம் கொடுத்தார்கள். பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தேன். பதினெட்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னால் படிக்க முடியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் நாற்பத்து மூன்று வயது வரும். வராமல் எங்கே போகும்?

நான் மதுரைப் பக்கத்துக்காரன். ஐம்பதுகளில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து வனக்காவலராகச் சேர்ந்தேன். குறி தப்பாமல் சுடுவேன் என்று பெயர் வந்ததால் பயிர்ப் பாதுகாப்பு வேலையில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு நிலைமை என்னவென்றால், மெயின்லேண்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் காட்டை வெட்டி நெல் போட்டார்கள். அதே மெயின்லேண்டிலிருந்து யாரோ ஒரு காலத்தில் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்த நெல்லை மேய்ந்தன. நடுவில் துப்பாக்கியோடு நான். இன்றைக்கு மானையோ முதலையையோ சுட்டால் உங்களை உள்ளே வைப்பார்கள். அன்றைக்குச் சுடாவிட்டால் எங்களுக்கு மெமோ கொடுப்பார்கள்.

நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு நாள் என் துப்பாக்கிக் குழல் நுனியிலிருக்கும் முன்குறியில் தூசி ஒட்டியிருந்தது. துடைத்தேன். மறுநாளும் ஒட்டியிருந்தது. ஒரு வாரம் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். குறி பளபளத்ததே ஒழிய தெளியவில்லை. கம்பளிப்பூச்சி போல ஓரமெல்லாம் மயிர் முளைத்துத்தான் தெரிந்தது. அதே வாரத்தில் செய்தித்தாளைக் கையை முழுசாக நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் சரி.

கடைசியில் யாருக்கும் தெரியாமல் அபர்தீன் பஜாரில் ஒரு கடையில் போய்ப் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கினேன். கடைக்காரர், "யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். "சொந்தக்காரர் ஒருத்தருக்கு" என்றேன். சொந்தக்காரருக்கு வாங்குகிற கண்ணாடியை என் கண்ணில் மாட்டிப் பார்த்து எடுத்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர். அதைத் தோட்டாப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன். குறி தப்பாதவன் மூக்கில் கண்ணாடி என்றால் ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும் என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் டெலஸ்கோப் பொருத்திய ரைபிள் ஒன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. "இது யாருக்கு வேணும்?" என்று கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். முன்குறி, பின்குறி, பொருள் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியதில்லை. குழாய்க்குள் நெடுக்கும் குறுக்குமாக இரண்டு மெல்லிய கம்பி. அவை சந்திக்கிற இடத்தை மானின் மேல் வைத்தால் போதும். இனிமேல் நம் ரகசியம் பத்திரம் என்று நினைத்தேன்.

முதல் தடவை அதை ஹேவ்லாக் தீவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வங்காளக் குடியேறிகள் ஏழெட்டுப் பேர் வயல் ஓரத்தில் உட்கார்ந்து, புதுத் துப்பாக்கி என்ன செய்யப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காத நேரம் படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாயில் கண்ணை வைத்தேன். மான், வயல், மரம் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல ஆடின. குழாயின் மேலே சின்ன மூடி ஒன்று இருந்தது. கழற்றினேன். உள்ளே ஒரு திருகாணி. ஆகா, தெளிவு பண்ணுவது இதுதான் என்று திருகினேன். தெளியவில்லை. இன்னும் திருகினேன். அப்புறம் பக்கவாட்டு மூடியையும் கழற்றி அதற்குள் இருந்ததையும் திருகினேன்.

உங்களில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொள்வது தெரிகிறது. ஆமாம், தம்பி. அவை தெளிவு பண்ணுகிற திருகாணிகள் அல்ல. குண்டு எங்கே போய் விழ வேண்டும் என்பதை நகர்த்துகிற திருகாணிகள்.

சுட்டேன். மான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் நடந்து போயிற்று. அதற்குப் பின்னால், வெகு உயரத்தில், தென்னை மரத்திலிருந்து ஏதோ பொத்தென்று விழுந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் பெரியவர் ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "பாபு, ஹிரன் பாக் கயா. நாரியல் கிர் கயா." மான் ஓடிவிட்டது, தேங்காய் விழுந்துவிட்டது. திரும்பி வரும்போது அந்தத் தேங்காயை என் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.

மரைன் ஹில்லில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டில் ஒரு சர்வேயர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், என் வயதுதான். குடியேறிகளுக்கு நிலம் அளந்து கல் போடுகிற வேலை. ஹேவ்லாக்கிலிருந்து வந்த மறுநாள், வீட்டுக்குப் பின்னால் ரைபிளைத் துறைமுகத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு நான் திருகிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"என்னவே, கப்பலைச் சுடப் போறீரா?"

"குழாய் மங்கலா இருக்கு சர்வேயர். மட்டச் சரக்கு."

"உள்ள குண்டு இல்லையே?" என்று கேட்டு, நான் போல்ட்டைத் திறந்து காட்டிய பிறகுதான் வேலி தாண்டி வந்தார். குழாயில் கண்ணை வைத்து, கண் வைக்கிற பக்கத்து வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சரக்கு முதல் தரம்லா. உமக்கு என்ன வயசு?"

"வயசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உம்ம மூக்கு மேல உக்காந்திருக்கே, அதுதான் சம்பந்தம்."

கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தேன். அவர் சிரித்த சிரிப்பில் அவர் வீட்டம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். ஆனால் சிரித்து முடித்ததும் தன் வீட்டுக்குள் போய், தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துவந்து காட்டினார். அவரும் ஒளித்துத்தான் வைத்திருந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"நாங்க மட்டம் பார்க்கிற லெவல் மெஷினும் இதே குழாய்தான். தினமும் இதுலதான் என் பொழப்பு. நல்லாக் கேட்டுக்கிடும். முதல்ல கம்பி. அப்புறம்தான் மத்தது எல்லாம். மான், மரம், மாமனார், எது வந்தாலும் அப்புறம்தான்."

"கம்பியை எப்படிப் பார்க்கிறது?"

"வானத்தைப் பார்த்துக் குழாயைத் தூக்கும். மரம் மட்டை ஒண்ணும் குறுக்க வேண்டாம். முதல்ல வெறுங்கண்ணால தூரத்து மேகத்தைப் பாரும். சட்டுனு உள்ள பாரும். கம்பி கருகருன்னு நிக்கா? இல்லைன்னா இந்த வளையத்தைக் கால் திருப்புத் திருப்பும். மறுபடி மேகம். மறுபடி சட்டுனு உள்ள. உள்ளயே முறைச்சுப் பார்த்துக்கிட்டுத் திருப்பாதேயும். முறைச்சா கண்ணு முக்கி முனகித் தானா சரி பண்ணிக்கிடும். ஆகா, தெளிஞ்சிட்டுன்னு நமக்குத் தோணும். கொஞ்ச நேரத்துல அது களைச்சுப் போகும். கம்பி மறுபடியும் ரெண்டாத் தெரியும்."

"வயசான கண்ணுக்கு இதெல்லாம் நடக்குமா?"

"இதுல வயசான கண்ணுதான்வே ஒசத்தி. முக்கி முனகத் தெம்பு கிடையாது. அதனால பொய் சொல்லாது." என் மூக்கிலிருந்த கண்ணாடியை அவரே கழற்றினார். "இது கிட்டத்துக்கு. குழாய்க்குள்ள தெரியுதது தூரத்துப் படம். இதைப் போட்டுக்கிட்டுப் பார்த்தா ஆடத்தான் செய்யும். உம்ம வலது கண்ணுல தூரத்துக்கும் ஏதோ குறை இருக்கு போல. அதைக் கொஞ்சம் இந்த வளையமே பார்த்துக்கிடும். ஆனா டாக்டர்ட்ட போயிரும்."

வளையத்தைச் சரி பண்ணிப் பின்னாலிருந்த பூட்டு வளையத்தையும் இறுக்கிக் கொடுத்தார். உள்ளே பார்த்தேன். பேனாவால் கோடு போட்டது போல இரண்டு கம்பி. துறைமுகத்தில் நின்ற கப்பலின் கயிற்றில் காய்ந்த லுங்கியின் கட்டம் கூடத் தெரிந்தது. அடுத்த இரண்டு நாளும் காகிதத்தில் குறி வைத்துச் சுட்டு, நான் தாறுமாறாகத் திருகி வைத்த திருகாணிகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் செய்யவில்லை. டாக்டரிடம் போகவில்லை. கம்பி தெரிகிறதே, பிறகு என்ன? அந்த முட்டாள்தனத்தைப் பற்றி இனிமேல் சொல்கிறேன். கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிப்பிகாட் ஓடையில் ஒரு முதலை வந்துவிட்டது என்று புகார். கன்றுக்குட்டி ஒன்றை இழுத்துப் போயிருந்தது. எங்கள் அதிகாரி, மெயின்லேண்டிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, தானும் வருகிறேன் என்று ஜீப்பில் ஏறினார். வழியில் ரைபிளை வாங்கிக் குழாயில் பார்த்துக்கொண்டே வந்தார். "பஹுத் அச்சா சீஸ் ஹை" என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ஓடைக்கரைக்குப் போனபோது பிற்பகல். இருபது முப்பது பேர் கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீன்காரச் சகோதரர்கள் இரண்டு பேர், சவரிமுத்து, அருளப்பன், காலையில் டோங்கியில் நண்டு பிடிக்கப் போயிருக்கிறார்கள். ஒற்றை மரத்தைக் குடைந்து செய்கிற ஓடத்தைத்தான் இங்கே டோங்கி என்போம். முதலை அதைக் கவிழ்த்துவிட்டது. எதிர்க்கரையில் அலையாத்தி மரம் ஒன்றின் மேல் அண்ணன் சவரிமுத்து தொற்றிக்கொண்டிருந்தான். தம்பியைக் காணோம். மரத்துக்குக் கொஞ்சம் தள்ளிச் சேற்றில், பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாக, கறுப்பாக நீளமாக ஒன்று கிடந்தது. சவரிமுத்து அதைக் கைகாட்டிக் காட்டிக் கத்தினான். காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததால் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

"வோ தேக்கோ, மகர்! உஸ்கே பாஸ் ஹி படா ஹை!" என்றார் கூட்டத்தில் ஒருவர். முதலை மரத்தடியிலேயே கிடக்கிறதாம். அருளப்பனின் மனைவி கரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் கையிலிருந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, அதை விட்றாதீங்க. என் வீட்டுக்காரரை முழுங்கினதை விட்றாதீங்க" என்றாள்.

கடல் ஏறி ஓடையில் தண்ணீர் உயர்ந்துகொண்டிருந்தது. நான் மண் வரப்பில் குப்புறப் படுத்து, தோட்டா ஏற்றி, குழாயில் கண்ணை வைத்தேன்.

கம்பி இல்லை. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ இழுவிக் கிடந்தது. அதற்குப் பின்னால் கறுப்பாக, நீளமாக, ஒரு திட்டு. ஜீப்பில் அதிகாரி வளையத்தைத் தன் கண்ணுக்குத் தக்கபடி திருப்பியிருந்தார். ஆனால் அவர்மேல் குற்றமில்லை. இன்னொருவர் கையிலிருந்து திரும்பி வந்த குழாயைப் பார்க்காமல் தோளில் மாட்டிக்கொண்டது யார்?

"மாரோ, மாரோ!" என்று சுடச் சொல்லிக்கொண்டு அதிகாரி என் தோளுக்குப் பின்னால் நின்றார். கூட்டமும் சேர்ந்து கத்தியது.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். சுட்டிருக்கலாம். அவ்வளவு பெரிய திட்டு, நூற்றைம்பது கஜம்கூட இருக்காது, மங்கலாகத் தெரிந்தாலும் படும். எல்லோரும் முதலை என்கிறார்கள். செத்தவனின் மனைவி கேட்கிறாள். என் விரல் விசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை வெளியே எடுத்ததற்குக் காரணம் அறிவு என்று சொன்னால் சர்வேயர் சிரிப்பார். கம்பி இல்லாமல் எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதமாகக் கம்பி, கம்பி என்று பழகிய கை.

போல்ட்டைத் திறந்தேன். எழுந்து உட்கார்ந்தேன். துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினேன்.

 கூட்டம் முன்பைவிடப் பலமாகக் கத்த ஆரம்பித்தது. "அரே, பாபு பாகல் ஹோ கயா க்யா?" என்று, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று, யாரோ கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது. அதிகாரி, "என்ன பண்ணுகிறாய்?" என்று ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மாறி மாறிக் கேட்டார். நான் மேகத்தைப் பார்த்தேன். உள்ளே பார்த்தேன். கால் திருப்பு. மேகம். உள்ளே. இன்னொரு கால் திருப்பு. பூட்டு வளையம் இறுக்காமல் கிடந்ததால் சுலபமாகச் சுற்றியது. மொத்தமாக அரை நிமிடம் ஆகியிருக்கும். என் வாழ்க்கையிலேயே நீளமான அரை நிமிடம் அது. கம்பி கருகருவென்று வந்து நின்றது.

திரும்பப் படுத்துப் பார்த்தேன். அந்தக் கறுப்புத் திட்டுக்கு ஓரம் இருந்தது. ஓரத்தில் உளி செதுக்கிய தடம் இருந்தது. ஒரு துண்டுக் கயிறு தொங்கியது. முதலை இல்லை. கவிழ்ந்து சேறு பூசிக் கிடந்த டோங்கி. அதன் விளிம்புக்குக் கீழே, சேற்றைப் பிறாண்டியபடி, நான்கு விரல்கள்.



"டோங்கி!" என்று கத்தினேன். "அது டோங்கி! உள்ளே ஆள் இருக்கான், உயிரோட இருக்கான்!"

சவரிமுத்து கைகாட்டிக் காட்டிச் சொன்னது அதைத்தான். தம்பி அங்கே இருக்கிறான் என்றுதான் கத்தியிருக்கிறான். நாங்கள் எல்லோரும் முதலை அங்கே என்று காதில் போட்டுக்கொண்டோம்.

ஆனால் முதலை எங்கே? குழாயை மெல்ல நகர்த்தினேன். டோங்கிக்கு இருபது கஜம் மேலே, ஓடை வளைகிற இடத்தில், தண்ணீரில் இரண்டு முடிச்சு, அதற்கு முன்னால் ஒரு முடிச்சு. கண்ணும் மூக்கும். டோங்கியைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தது. தண்ணீர் ஏறினால் அவன் உள்ளேயே மூழ்க வேண்டும், அல்லது வெளியே வர வேண்டும். அதற்கு அவசரமே இல்லை.

போல்ட்டை மூடினேன். ஆனால் உடனே சுடவில்லை. தண்ணீரில் பட்ட குண்டு தட்டித் தெறித்துப் போகும். அதற்குப் பின்னால் மரத்தில் சவரிமுத்து. காத்திருந்தேன். நீரோட்டம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியது. பின்னால் வெறும் சேற்று மேடு வந்ததும் சுட்டேன். சேறு ஆள் உயரத்துக்கு எழும்பியது. முதலை முங்கிவிட்டது. பட்டதா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு என் குண்டால் காயப்பட்டது சேறு மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் முதலை அதற்குப் பிறகு தலை காட்டவில்லை.

கரையில் ஒரே ஒரு ஓடம் கிடந்தது. எல்லோரும் இறங்கத் தயங்கினார்கள். முதலில் இறங்கியது எங்கள் அதிகாரி. பாலிஷ் போட்ட பூட்ஸோடு முழங்கால் வரை சேற்றில் இறங்கி, துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "சலோ!" என்றார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். நான் குழாயில் கண்ணை வைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் டோங்கியைப் புரட்டி, கழுத்துவரை தண்ணீரில் கிடந்த அருளப்பனைத் தூக்கியதையும், மரத்திலிருந்து சவரிமுத்துவை இறக்கியதையும் நான் நேரில் பார்க்கவில்லை. கரையில் எழுந்த சத்தத்தில் தெரிந்துகொண்டேன். அருளப்பனின் மனைவி அப்போதுதான் அழுதாள்.

ஜீப்பில் திரும்பும்போது அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண், தோட்டாப் பைக்குள் இருக்கிற கண்ணாடி, தேங்காய், எல்லாம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.  அவர், "அந்த வளையத்தை நான்தான் திருப்பினேன், இல்லையா?" என்றார். "ஆமாம் சார். நான்தான் திரும்பப் பார்க்கவில்லை" என்றேன். "கல் ஹாஸ்பிடல் ஜாவோ" என்றார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கண்ணுக்கு ஒரு நம்பர், இடது கண்ணுக்கு ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நுழைந்தேன். நினைத்தது போலவே எல்லோரும் சிரித்தார்கள். நான்கு நாள் சிரித்தார்கள். அந்த நான்கு நாளுக்குப் பயந்து ஒரு வருடத்துக்கு மேல் ஒளித்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து சகோதரர்கள் இருவரும் மரைன் ஹில்லுக்கு வந்தார்கள். கையில் ஒரு பெரிய கொடுவா மீன். நான் ஜெபம் பண்ணித்தான் வானத்தைப் பார்த்தேன் என்று அவர்கள் கோயிலில் பேசிக்கொண்டார்களாம். சவரிமுத்து அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தான். வளையம், கம்பி என்று நான் விளக்கிச் சொன்னதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

 அருளப்பன் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, விளிம்புக்கும் சேத்துக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடுக்கு இருந்துச்சு. அது வழியா உங்க கரையைப் பார்த்துட்டே கெடந்தேன். நீங்க படுத்து என்னையே குறி வச்சீங்க. கத்துனேன், எனக்கே கேக்கல. அவ்வளவுதான், மாதாவேன்னு கண்ணை மூடிட்டேன். தொறந்து பார்த்தா துப்பாக்கி மேல வானத்துல நிக்குது. இந்த அண்ணன் நம்மளைப் பார்த்துட்டாருன்னு அப்பத்தான் உசுரு வந்துச்சு."

"பார்க்கலை தம்பி" என்றேன். "பார்க்கலைங்கிறது தெரிஞ்சுதான் தூக்கினேன்."